அஹ்னாப் நிற்காத பத்தாயிரம் பருவங்கள்

அக்குறணையில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறாள் என்றால், அவளுக்கு வேலை இல்லை என்றுதான் ஊர் விளங்கிக்கொள்ளும். அனீஸாவைப் பற்றியும் அப்படித்தான் விளங்கிக்கொண்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து முதல் வகுப்பில் தேறியவள், ஏழாம் மைல் கட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வீட்டின் பின் அறையில் நாள் முழுக்க ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். கறிக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டால், "பொறுங்க உம்மா, ஓடிக்கிட்டு ஈக்கி" என்கிறாள். என்னதான் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தால், திரையில் ஒன்றுமே அசைவதில்லை.

ஓடிக்கொண்டிருந்தவை கார்கள். அமெரிக்காவில் ஸ்டாக் கார் என்று ஒரு பந்தயம் உண்டு. பார்வைக்குத் தெருவில் போகிற கார் மாதிரியே இருக்கும். முட்டை வடிவமான பாதையில் நாற்பது கார்கள் சுற்றிச் சுற்றி வரும். வருடம் முழுக்க இப்படிச் சுற்றிப் புள்ளி சேர்த்து, கடைசியில் ஒருவன் சாம்பியன் ஆவான். அவன் யார் என்று முன்கூட்டியே சொல்ல ஆசைப்படுகிற ஒரு விளையாட்டு இணையத்தளத்துக்குத்தான் அனீஸா வேலை செய்தாள். செய்முறை ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் மூன்று எண்கள். வழக்கமாக எவ்வளவு வேகம், அந்த வேகம் ஆளின் மனநிலைப்படி எவ்வளவு கூடிக் குறையும், பாதியில் நின்றுபோக எவ்வளவு வாய்ப்பு. இவற்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குலுக்கலுக்கு விட்டால், ஒரு பருவத்தின், அதாவது ஒரு வருடத்தின், எல்லாப் பந்தயங்களையும் கணினி தனக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிடும். அப்படிப் பத்தாயிரம் பருவங்கள். அவற்றில் இரண்டாயிரம் பருவங்களில் ஒருவன் சாம்பியன் ஆகியிருந்தால், அவனுக்கு நூற்றுக்கு இருபது என்று எழுதி அனுப்புவாள்.

அவளுடைய உம்மா அஸீமாவுக்கு இது பிடிக்கவில்லை.

"இது ஜோசியந்தானே மகள்? ஹறாம் இல்லயா?"

"ஜோசியம் ஒரு முடிவச் செல்லும் உம்மா. நான் பத்தாயிரம் முடிவச் செல்ற. எது நடக்கும் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"அப்ப ஒனக்கும் தெரியாது. இதுக்கா அவங்க சம்பளம் தார?"

இந்தக் கேள்விக்கு அனீஸாவிடம் பதில் இருக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவளுடைய துறையில் யாரிடமுமே இல்லை.

ஓட்டம் முடியும்வரை செய்வதற்கு ஒன்றும் இராது. அக்குறணையில் பின்னேர மழை தொடங்கினால் இலேசில் விடாது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவளுக்குக் கண் செருகும். அப்போது உள்ளே ஓடுகிற கார்கள் கொஞ்சம் வெளியே வந்துவிடும். அமெரிக்கப் பாதையை விட்டு அவை கண்டி வாவியைச் சுற்றி ஓடும். வெள்ளை மதிலோரம் சத்தமே இல்லாமல், ஒன்றை ஒன்று முந்தி, நீரில் நிழல் விழ ஓடும். பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மாத்தளை வீதியில் ஏறி அவளுடைய வீட்டுப் பக்கமே வரும். எந்தக் கார் முதலில் வருகிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்தும்போது விழிப்பு வந்துவிடும். திரையில் பதில் வந்திருக்கும்.

இப்படி ஒரு பெண்ணுக்கு வாய்த்த கணவன் கார் பந்தயக்காரனாக இருந்தது தற்செயல்தான். தற்செயலைப் பற்றி அவளுக்கே நன்றாகத் தெரியும் என்பதால், நாம் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அஹ்னாப் அக்குறணை பஸாரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தான். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்த அன்று, இரண்டு பெட்டி உடுப்பும், பின்னால் லொறியில் ஏற்றிய ஒரு பழைய வெள்ளை ஜப்பான் காரும் வந்து இறங்கின. காரில் பின் கதிரைகள் இல்லை, கண்ணாடிகள் இல்லை. கதவுகளை வெல்டிங் பிடித்து ஒட்டியிருந்தார்கள். அஸீமா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எப்படிப் போற மகன்?" என்று மருமகனிடம் கேட்டாள். "ஜன்னலால மாமி" என்றான் அவன். அன்றிலிருந்து அவன் எப்போது வெளியே கிளம்பினாலும் அஸீமாவின் உதடு எதையாவது ஓதிக்கொண்டிருந்தது.

கலகெதரவைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றைச் சமப்படுத்திச் செம்மண் ஓட்டப்பாதை போட்டிருந்தார்கள். வருடத்துக்கு ஐந்து பந்தயங்கள், இருபத்திரண்டு பழைய கார்கள். அஹ்னாப் அதில் பல வருடமாக ஓடுகிறான். மூன்றாவதாக வந்திருக்கிறான், இரண்டாவதாக வந்திருக்கிறான், சாம்பியன் ஆனதில்லை. இந்த வருடத்தோடு பழைய கார்களுக்கு இடமில்லை என்று சங்கம் அறிவித்துவிட்டது. அடுத்த வருடம் புதுக் கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் பந்தயம். அதாவது, அவனுக்கு இதுதான் கடைசித் தடவை. நான்கு பந்தயங்கள் முடிந்த நிலையில் அம்பிட்டியவில் கராஜ் நடத்துகிற நிரஞ்சன் முதலாவதாக இருந்தான். அஹ்னாப் சில புள்ளிகள் பின்னால். கடைசிப் பந்தயத்தில் அஹ்னாப் முதலாவதாக வந்து, நிரஞ்சன் மூன்றாவதாகவோ அதற்கும் பின்னாலோ வந்தால், அஹ்னாப் சாம்பியன்.

சாம்பியன் பட்டம் அவனுக்கு அவ்வளவு முக்கியமா என்று கேட்டால், முக்கியம்தான். அதில் பணம் இல்லை, ஊரில் பெயரும் பெரிதாக இல்லை. ஆனால் மனிதனுக்கு ஒரு ஆசை இருக்கிறது. அதற்கு நாம் காரணம் கேட்கக்கூடாது.

கல்யாணமான புதிதில் அனீஸா அவனுக்காக இந்தப் போட்டியையும் கணினிக்குள் ஏற்றினாள். சிலர் கணவனுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார்கள், இவள் இதைச் செய்தாள். இருபத்திரண்டு ஓட்டுநர்கள், பத்தாயிரம் பருவங்கள். அதோடு இன்னொன்றும் செய்து கொடுத்தாள். கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால், அந்தப் பத்தாயிரத்தில் ஏதோவொரு பருவத்தை எடுத்து, நடந்தது போலவே சில வரிகளில் சொல்லும். 'மூன்றாம் பந்தயத்தில் மழை. அஹ்னாப் இரண்டாவது. நிரஞ்சனின் காரில் கியர் இறுகி நின்றது...' கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அஹ்னாப் இதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு பருவத்தில் சாம்பியன் ஆவான், இன்னொன்றில் ஆறாவதாக வருவான், மறுபடி சாம்பியன் ஆவான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "இண்டைக்கி நான் கடைசி வளைவுல ரெண்டு பேர முந்தின" என்பான். எந்த இன்றைக்கு என்று அனீஸா கேட்பதில்லை. அவளுக்கும் அந்த நாட்களெல்லாம் எங்கோ நடந்தவை மாதிரியே இருந்தன. மழைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத ஏதோவொரு கலகெதரவில்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்திய வியாழக்கிழமை, மிச்சமிருந்த அந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டதில், சாம்பியன் ஆக அவனுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று வந்தது. அவன் கேட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனான்.

அஸர் தொழுதுவிட்டு அனீஸா திரும்ப வந்து கதிரையில் உட்கார்ந்தாள். பனி ஏழாம் கட்டைவரை இறங்கி, கீழே வீதியில் போகிற பஸ்களின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவளுக்கு இரண்டு மூன்று நாளாகவே ஒரு பயம். போன வருடம் ஒரு குருநாகல்காரன் ஓட்டப்பாதையின் வெளிக் கரையைத் தாண்டிப் பாய்ந்து, இன்றைக்கும் ஊன்றுகோலோடு நடக்கிறான். மிக மோசமானதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பயம் விட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. கணினிக்குள் நடப்பதுதானே. முதலில் ஓடவிட்ட முழுப் பருவங்களில், அஹ்னாப் பாதியில் நின்றுபோகிறவற்றை மட்டும் எடு என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றது.

எழுத்தில் ஏதும் பிழையோ என்று பார்த்து மறுபடி கேட்டாள். ஒன்றுமில்லை. பத்தாயிரம் பருவங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து பந்தயங்கள். அவன் ஒன்றில்கூட நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கொடி விழும்வரை ஓடி, ஜன்னலால் இறங்கி, வீட்டுக்கு வந்திருந்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய் தானாகச் சொன்னது. அவ்வளவு சந்தோஷம். பனிக்குள் இருந்து ஒவ்வோர் அஹ்னாபாக மலையேறி வருவது அவளுக்குத் தெரிந்தது. ஒருவன் நீலச் சட்டையில், ஒருவன் தலையெல்லாம் செம்மண்ணாக, ஒருவன் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு. வாசல் கேற் திறந்தபடியே இருந்தது. வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. படித்த படிப்பு அவளைச் சும்மா விடுமா? ஐம்பதாயிரம் பந்தயங்களில் ஒருமுறையும் நிற்காத மனிதன் என்று ஒருவன் உலகத்தில் இல்லை. அப்படி ஒருவன் இருந்தால், அவன் கணக்குக்குள் இல்லை என்றுதான் அர்த்தம்.

போய்ப் பார்த்தாள். இருபத்தொரு பேருக்கும் நின்றுபோகிற வாய்ப்பு எழுதியிருந்தது. அஹ்னாபுடைய இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட்டால் கணினி அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்.

எப்படி விட்டாள் என்று யாரும் அவளைக் கேட்கத் தேவையில்லை. அஸீமாவின் வீட்டில் பயணம் போகிற ஆளைப் பற்றிக் கெட்ட சொல் வாயில் வரக்கூடாது. 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'போயிட்டு வாரேன்' என்பார்கள். எங்காவது விபத்து நடந்த கதை பேசும்போதுகூட, "எங்கட வாசலுக்கு வராம" என்று முன்னால் போட்டுக்கொண்டுதான் பேசுவார்கள். கல்யாணமாகி முதல் மாதம் அந்த வரிசையை நிரப்பிக்கொண்டு வந்த விரல், கணவனுடைய பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது. பிறகு போடலாம் என்று விட்டாள். முதல் வகுப்பில் தேறியவள்தான். ஆனால் அஸீமாவின் மகள்.

இப்போது போட்டே ஆகவேண்டும். இந்த வருடம் எட்டுக் கார்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாதியில் நின்றிருந்தன. கியர் உடைந்தாலும் நின்றதுதான், டயர் வெடித்தாலும் நின்றதுதான், கரையைத் தாண்டிப் பாய்ந்தாலும் நின்றதுதான். கணினிக்கு எல்லாம் ஒரே சொல். எட்டுக்கு ஒன்று என்று போட அஹ்னாபுடைய பெயருக்கு நேரே வந்தாள். "எங்கட வாசலுக்கு வராம" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். ஓடவிட்டாள். முப்பத்தெட்டு, முப்பத்து மூன்றாக இறங்கியது.

ஐந்துதான் குறைந்தது. அதற்கு ஏன் அவனிடம் சொல்லவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் நான்காவது பந்தயம் ஞாபகம் வந்தது. பாதையின் தாழ்வான பக்கத்தில், ரப்பர் மரங்கள் மிஞ்சியிருக்கிற இடத்தில் ஒரு வளைவு உண்டு. வெளிப்பக்கம் கரை உயரமில்லை, அதற்கு அப்பால் பள்ளம். அந்த வெளிப்பக்கத்தால் யாரும் முந்துவதில்லை. அஹ்னாப் முந்தினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அவனைப் பிய்த்தெடுத்தாள். அவன் சிரித்தான். "ஏன் பயப்படுற? ஒன்ட மெஷினே செல்லுதே, நான் நிக்கிற ஆள் இல்ல எண்டு. எத்தன பருவம் வாசிச்சீக்கி நான்! ஒருநாளும் நிண்டது இல்ல."

அன்று அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டாள். இப்போதுதான் விளங்கியது. அவன் பகிடி விடவில்லை. அவள் பயத்தில் விட்ட வெறுமையை அவன் தன்னுடைய குணம் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் காருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான், முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது, அன்றும் சொல்லவில்லை. ஞாயிறு காலையில் காரை ஏற்றிய லொறி முன்னால் போய்விட்டது. அஸீமா வாசலில் நின்று இருவர் தலையிலும் ஓதி ஊதி, "ஃபீ அமானில்லாஹ், போயிட்டு வாங்க" என்று அனுப்பினாள். இருவரும் வேனில் ஏறி மலையிறங்கினார்கள். பனி இன்னும் கலையவில்லை. பஸார் பாதி இருந்தது, பாதி இல்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைப் பார்த்த ஒரு கடையில் அவன் வேனை நிறுத்தினான். தேநீர் வந்தது. மகாவலி பனிக்குக் கீழே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். முழுவதையும் சொன்னாள். வெறுமையாக விட்டதை, கணினி அதைப் பூச்சியம் என்று எடுத்ததை, அவன் வாசித்த கதைகளிலெல்லாம் அவன் நிற்காததற்கு அதுதான் காரணம் என்பதை.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப உண்மையா எத்தன?"

"எட்டுக்கு ஒண்டு."

"நிரஞ்சனுக்கு?"

"அவருக்கும் அதான். எல்லாருக்கும் அதான்."

"சாம்பியன் ஆகிறதுக்கு?"

"முப்பத்தி மூணு."

"அஞ்சுதானே கொறஞ்சீக்கி." அவன் சிரித்தான். "நீ மூஞ்ச வெச்சீந்த மாதிரிக்கி நான் வேற என்னமோ எண்டு நெனச்சிட்டேன்."

"அந்த வெளிப்பக்கத்தால போக வேணாம்."

"சரி."

"சத்தியமா?"

"அனீஸா, அங்க போய்த்தான் பாக்கணும். இப்பயே எப்படிச் செல்ற?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பயணத்தின் நடுவில் சொல்லக்கூடாததைச் சொல்லியாயிற்று. ஆனாலும் மனம் கொஞ்சம் இலேசானது. அவன் இலேசாகத்தான் எடுத்துக்கொண்டான் என்று நம்பினாள். வேன் கலகெதரப் பக்கம் ஏறும்போது அவன் விசிலடிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

ஓட்டப்பாதையில் பனி போய் வெயில் வந்திருந்தது. சனம் சரிவில் குடை விரித்து உட்கார்ந்திருந்தது. வடை விற்பவனும் ஒலிபெருக்கியும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். அனீஸா ரப்பர் மரங்களின் பக்கமாக, அந்த வளைவு தெரிகிற மேட்டில் போய் நின்றாள். இந்தப் பந்தயத்தை அவள் எத்தனையோ ஆயிரம் தடவை ஓடவிட்டிருக்கிறாள். ஆனாலும் கொடி அசைந்து இருபத்திரண்டு கார்களும் ஒரே உறுமலில் கிளம்பியபோது, இது ஒரேயொரு தடவைதான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. இது முடிந்தால் இன்னொன்று வராது. அது அவளுக்கு அநியாயமாகப் பட்டது.

செம்மண் எழும்பியது. கார்கள் அதற்குள் போய் மறைந்து, வேறு கார்கள் மாதிரி வெளியே வந்தன. வெள்ளை எல்லாம் சிவப்பாகிவிட்டது. தூசி வெயிலில் அப்படியே தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பின்னேரத் தூக்கம் மாதிரி ஒன்று கண்ணில் இறங்கியது. சத்தம் தூரப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அஹ்னாப் கடந்து போனான். இவன் நான்காவது, இவன் மூன்றாவது, இவன் நிரஞ்சனை முந்தியவன். எந்தப் பருவம் இது என்று தேடுவது போல அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒலிபெருக்கிக்காரன் கத்திய கத்தலில்தான் திரும்பி வந்தாள். கடைசிச் சுற்று. வேறொரு குருநாகல்காரன் முதலாவது, அஹ்னாப் இரண்டாவது, நிரஞ்சன் மூன்றாவது.

ஒருவனை முந்தினால் போதும்.

ரப்பர் வளைவுக்கு வரும்போது குருநாகல்காரன் உட்பக்கத்தை அடைத்துக்கொண்டான். பின் சக்கரம் வழுக்கி அவனுடைய கார் கொஞ்சம் தடுமாறியது. வெளிப்பக்கம் திறந்தது. ஒரு கார் போகிற அளவுக்கு, தாராளமாகத் திறந்தது. சரிவில் இருந்த சனம் எழும்பி நின்றது. அஹ்னாபின் கார் வெளிப்பக்கம் திரும்பியது. அவள் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தாலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவள் அதைக் காதால்தான் கேட்டாள். எஞ்சினின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. அவன் அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தான். அவ்வளவுதான். இமைக்கிற நேரம். கார் மறுபடி உள்ளே வந்து, குருநாகல்காரனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அப்படியே கொடியைக் கடந்தது.

இரண்டாவது. நிரஞ்சன் மூன்றாவது. சாம்பியன் நிரஞ்சன்.

அவளுக்கு முதலில் வந்தது ஆனந்தம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. அவன் ஜன்னலால் இறங்கி நின்றதைக் கண்டதும் மேட்டிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் நிரஞ்சன் அவனைக் கட்டிப்பிடித்திருந்தான். இருவரும் மண்ணால் செய்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"என்ன மச்சான், வெளிப்பக்கம் தொறந்துதானே கெடந்துச்சு?" என்றான் நிரஞ்சன். அவனுடைய குரலில் வென்றவனின் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது. "நீ போயிருவன்னு நெனச்சேன். போன தடவ போனீயே. நான் மனசுல ஒனக்கு வாழ்த்துக்கூட சொல்லிட்டேன்."

"டயர் புடிக்கல்ல" என்றான் அஹ்னாப்.

டயருக்கு ஒன்றுமில்லை என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். நிரஞ்சன் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனான். அஹ்னாப் கடைசிவரை நின்று கைதட்டினான். இரண்டாம் இடத்துக்கான கிண்ணத்தை வாங்கி, பக்கத்தில் நின்றவர்களோடு படம் எடுத்து, எல்லோருக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அனீஸாவின் ஆனந்தம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது.

ஐந்து என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் நூற்றில் ஐந்து குறையும், அவ்வளவுதான் விலை என்று. அந்த முப்பத்து மூன்றில் ஓடியவனும் எட்டுக்கு ஒன்றைக் கேள்விப்படாத அஹ்னாப்தான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேள்விப்பட்டவன் வேறொரு ஆள். அவன் அவளுடைய பத்தாயிரத்தில் எங்கேயும் இருக்கவில்லை. அவனைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேநீர்க் கடையில் அவளே உண்டாக்கினாள்.

திரும்பும் வழியில் அவன் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஹேதெனியவில் மழை பிடித்துக்கொண்டது. அக்குறணைக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டு, பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கீழே அவன் வேனை நிறுத்தினான். இறங்கவில்லை.

"அந்த எடத்துல எனக்கு எட்டு ஞாபகம் வந்திச்சி" என்றான்.

"தெரியும்."

"முந்தியெல்லாம் அந்த எடத்துல ஒண்டும் ஞாபகம் வராது. வழி மட்டுந்தான் தெரியும்."

கண்ணாடியில் மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன.

"அந்த வளைவ மட்டும் ஓடவிட்டுப் பாக்க ஏலுமா?" என்றான். "நான் கால எடுக்காம போயிருந்தா எண்டு. பத்தாயிரம் தடவ."

"ஏலும்."

ஏலும்தான். பெரிய வேலையுமில்லை. பதில்கூட அவளுக்குத் தெரிந்ததுதான். பத்தாயிரத்தில் பெரும்பாலான அஹ்னாப்கள் அந்த வழியால் போய்ச் சாம்பியன் ஆகியிருப்பார்கள். மிச்சப் பேரைப் பற்றிக் கணினி 'நின்றது' என்று மட்டும் சொல்லும்.

"ஏலும். ஆனா நான் செய்ய மாட்டேன்" என்றாள். "செஞ்சா நீங்க சாம்பியன் ஆகினதத்தான் காட்டும். நீங்க அதயே பாத்துக்கிட்டு ஈப்பீங்க." பிறகு அழுகை வந்துவிட்டது. "எனக்கு சாம்பியன் வேணும் எண்டு ஒருநாளும் ஈக்கல்ல. நீங்க வீட்ட வரணும். அது மட்டுந்தான் எனக்கு வேணும்."

அவன் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கை முழுக்கச் செம்மண் ஒட்டியது. கோபம் இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனுடைய குரலில் கோபமே இருக்கவில்லை.

"எனக்கு அதுவும் வேணும் எண்டு ஈந்திச்சி, அனீஸா" என்றான். "ரெண்டும் வேணும் எண்டு ஈந்திச்சி."

மேலே வீட்டில் விளக்கு எரிந்தது. அஸீமா வாசலுக்கு வந்து, வேனைக் கண்டு, "வந்திட்டாங்க, வந்திட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள். அனீஸா கண்ணைத் துடைத்தாள். அந்த ஞாயிறு காலையைத் திரும்பக் கொடுத்தால் மறுபடியும் சொல்லிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை தடவை கொடுத்தாலும் சொல்லுவாள், ஒரு தடவையும் மாறாது, ஒவ்வொரு தடவையும் அவன் அந்த வளைவில் காலை எடுப்பான். இதை அவனிடம் சொல்லி அவனை ஆற்ற முடியாது. ஆகவே அவள் சொல்லவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவன் இறங்கும்வரை வேனிலேயே உட்கார்ந்திருந்தாள்.